தெருவின் தோலுக்கு மட்டும் விலைப்பட்டியல்

ரோட்டை வெட்டுவதற்கு ஒரு ரேட் இருக்கிறது. தார் ரோடு என்றால் ஒரு ரேட், சிமெண்டு ரோடு என்றால் ஒரு ரேட், ஒன்றுமே போடாத மண் ரோடு என்றால் அதைவிடக் குறைந்த ஒரு ரேட். வெட்டப்போகிற நீளத்தை அகலத்தால் பெருக்கி, அதை ரேட்டால் பெருக்கினால் வருகிற தொகையை மாநகராட்சிக்கு முன்கூட்டியே கட்டவேண்டும். கட்டின பிறகுதான் கடப்பாரை இறங்கலாம். நான் வங்கியில் சேர்ந்த புதிதில் இந்தத் தொகைக்கான டிமாண்ட் டிராஃப்டுகளைக் கவுண்ட்டரில் உட்கார்ந்து நிறைய எழுதியிருக்கிறேன். வீட்டுக்குத் தண்ணீர் இணைப்பு கேட்கிற கிழவர் மடியிலிருந்து எடுத்துத் தருகிற சின்னத் தொகையும் உண்டு. கேபிள் கம்பெனியின் காண்டிராக்டர் அனுப்புகிற பெரிய தொகையும் உண்டு. இரண்டுக்கும் பெயர் ஒன்றுதான், சாலை வெட்டுக் கட்டணம். (இப்போது பெரும்பாலும் கணினிவழியே கட்டிவிடுகிறார்கள். கிழவர்கள் மட்டும் இன்னும் வருகிறார்கள்.)

இதை வைத்துத் தலையங்கம் எழுதப்போகிறேன் என்றதும் இயக்கத் தோழர்கள் இரண்டு பேர் சிரித்தார்கள். 'அங்க வெட்டிப்போடுறானுங்க, இங்க நீங்க குண்டு குழியப் பத்தி எழுதுறீங்களா? அதெல்லாம் குடியிருப்போர் நலச் சங்கத்து ஆளுங்க பாக்குற வேலை தோழர்.' சங்கத்து ஆளுங்க பார்க்கட்டும். அவர்கள் பார்ப்பது அவர்கள் காரின் அச்சு முறிகிறதா என்பதை. நாம் பார்க்கவேண்டியது வேறு. அதை அவர்களிடம் விட்டுவைத்ததால்தான் ரோட்டுப் பராமரிப்பு என்கிற பேச்சு முழுவதும் ஜாதியே இல்லாத ஒரு பொறியியல் பேச்சாகச் சுத்தபத்தமாக நடமாடிக்கொண்டிருக்கிறது.

நம் அரசியல் தெருவில் தொடங்கியது. மேடைப் பேச்சுக்காகச் சொல்லவில்லை. 1924இல் இரட்டைமலை சீனிவாசன் சென்னை மாகாணச் சட்டசபையில் கொண்டுவந்து நிறைவேற்றிய தீர்மானம் எதைப் பற்றியது? பொதுத் தெருவிலும் பொதுப் பாதையிலும் எந்தச் சாதிக்காரரும் நடக்கலாம், பொதுக் கிணற்றிலும் குளத்திலும் புழங்கலாம், தடுப்பதற்கு எவனுக்கும் உரிமை கிடையாது என்பதைப் பற்றியது. அதே ஆண்டு வைக்கத்தில் போராட்டம் தொடங்கியதும் கோயிலுக்குள் நுழைவதற்காக அல்ல, கோயிலைச் சுற்றியிருந்த தெருக்களில் நடப்பதற்காக. தெருவின் மேல் காலை வைக்கிற உரிமைக்கு அன்று சண்டை. தெருவுக்கு அடியில் என்ன ஓடுகிறது, அது யார் வீட்டுக்குள் நுழைகிறது, யார் வாசலுக்கு வராமலே திரும்பிப் போகிறது என்று கேட்பது அந்தச் சண்டையின் மிச்சம்.

சென்னையையே எடுத்துக்கொள்கிறேன். 2011இல் 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 சதுர கிலோமீட்டராக உப்பிய ஊர். பேருந்து போகிற சாலைகள் ஏறக்குறைய 387 கிலோமீட்டர். உட்புறச் சாலைகள் ஐயாயிரம் கிலோமீட்டருக்கு மேல். இவற்றின் மேல்தோல் மாநகராட்சிக்குச் சொந்தம். தோலுக்குக் கீழே இருக்கிற நரம்பும் குடலும் வேறு வேறு ஆட்களுக்குச் சொந்தம். தண்ணீர்க் குழாயும் சாக்கடைக் குழாயும் 1978ஆம் ஆண்டுச் சட்டத்தில் பிறந்த குடிநீர் வாரியத்துக்கு. கரண்டு கேபிள் மின்வாரியத்துக்கு. கண்ணாடி இழைக் கேபிள் தொலைபேசிக் கம்பெனிகளுக்கு. சமையல் எரிவாயுக் குழாய் இன்னொரு கம்பெனிக்கு. மழைநீர் வடிகாலை மாநகராட்சியே தோண்டுகிறது. ஒருவன் தோண்டி மூடின மண் இறுகுவதற்குள் அடுத்தவன் வந்து கோடு கிழிக்கிறான். எவனிடமும் அடுத்தவனுடைய வரைபடம் இருப்பதில்லை. இருந்தாலும் அது ஆபீஸ் பீரோவில் இருக்கும். பள்ளத்துக்குள் இறங்குகிறவன் கையில் இருக்காது.

விதி இல்லாமல் இல்லை. தாளில் பார்த்தால் மிக அழகான ஏற்பாடு. எந்தக் குழாய் ரோட்டின் எந்தப் பக்கம், எவ்வளவு ஆழத்தில் போகவேண்டும் என்று இந்தியச் சாலைக் காங்கிரஸ் தனிக் கையேடே போட்டிருக்கிறது. வடகிழக்குப் பருவமழை நெருங்கியதும் ரோடு வெட்டக் கூடாது என்று மாநகராட்சி ஆண்டுதோறும் தடை போடுகிறது. அவசர வேலைக்கு மட்டும் விலக்கு. தோண்டுவதற்கு முன்னால் கேபிள்காரர்களுக்குத் தகவல் சொல்வதற்கென்று ஒன்றிய அரசு 2023 மார்ச்சில் ஒரு செல்போன் செயலியைக்கூட வெளியிட்டது. இதையெல்லாம்விட என்னை உட்காரவைத்து யோசிக்கவைத்த விதி ஒன்று உண்டு. 2016இல் வந்த தொலைத்தொடர்பு வழியுரிமை விதிகளின்படி, ஒரு கம்பெனி கேபிள் பதிக்க மனுப் போட்டு அறுபது நாளுக்குள் உள்ளாட்சி பதில் சொல்லாவிட்டால் அனுமதி கொடுத்துவிட்டதாகவே பொருள். (2025 ஜனவரி முதல் தேதியிலிருந்து அந்த இடத்தில் புதிய விதிகள் வந்துவிட்டன.) சாக்கடைக் குழாய் கேட்டு மனுப் போட்ட ஒரு சேரிக்கு இப்படி ஒரு விதி எங்காவது உண்டா? அறுபது நாளில் பதில் வரவில்லை, எனவே குழாய் வந்துவிட்டதாகப் பொருள், அதிகாரிகள் உடனே கடப்பாரையோடு வரவும் என்று? கம்பெனி விஷயத்தில் அரசாங்கத்தின் மௌனம் சம்மதம். நம் விஷயத்தில் அது வெறும் மௌனம்தான். வருஷக்கணக்காக.

சரி, தோண்டியாயிற்று. யார் மூடுவது? இங்கேதான் எல்லாம் கெடுகிறது. குழாய் பதித்த துறை மண்ணைத் தள்ளிவிட்டுப் போய்விடும். அது தற்காலிகம். தார் போடுவது மாநகராட்சியின் வேலை; அதற்குத்தான் பணம் வாங்கியிருக்கிறது. அதற்கு மதிப்பீடு தயாரிக்கவேண்டும், டெண்டர் விடவேண்டும், பக்கத்துத் தெருக்களையும் சேர்த்து ஒரே பேக்கேஜாக விட்டால்தான் காண்டிராக்டருக்குக் கட்டுப்படியாகும் என்று காத்திருக்கவேண்டும். அதற்குள் மழைக்காலம் வந்துவிடும், மழைக்காலத்தில் தார் போட முடியாது. தற்காலிகத்துக்கும் நிரந்தரத்துக்கும் நடுவில் விழுந்து கிடக்கிற அந்தப் பள்ளத்துக்கு எந்த ஆபீசிலும் சொந்தக்காரன் கிடையாது. 'நாங்க தோண்டினது உண்மை, பணம் கட்டிட்டோம்' என்பான் ஒருவன். 'அவங்க சரியா மூடல, நாங்க எப்படித் தார் போடுறது' என்பான் இன்னொருவன். இரண்டும் உண்மை. இரண்டு உண்மைக்கும் நடுவில் நம்ம வீட்டுக் கிழவி தடுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து கிடப்பாள்.

இங்கிலாந்தில் 1991இல் ஒரு சட்டம் போட்டார்கள். தோண்டுகிறவனே நிரந்தரமாக மூடவேண்டும். மூடின இடம் இரண்டு வருஷத்துக்கு அவன் பொறுப்பு. ஆழமான பள்ளம் என்றால் மூன்று வருஷம். உள்ளே வாங்கினால் அவனே வந்து சரிசெய்யவேண்டும். வெள்ளைக்காரன் ஊர் சொர்க்கம் என்று சொல்ல வரவில்லை. அங்கேயும் ரோடு வெட்டு என்றால் ஜனங்கள் திட்டத்தான் செய்கிறார்கள். பள்ளத்துக்கு ஒரு சொந்தக்காரன் பெயர் இருக்கிறது என்பதை மட்டும் கவனியுங்கள். இங்கே கம்பெனிகளிடமிருந்து வங்கி உத்தரவாதம் வாங்கி வைத்துக்கொள்வதும் உண்டு. ரோட்டைச் சரியாக மூடாவிட்டால் உள்ளாட்சி அந்தப் பணத்தை எடுத்துக்கொள்ளலாம். நான் வேலை பார்த்த கிளைகளில் இப்படிப்பட்ட உத்தரவாதங்கள் காலாவதியாகித் திரும்பி வந்து பார்த்திருக்கிறேன். பணமாக்கச் சொல்லிக் கடிதம் வந்து ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. முத்திரை குத்திக் கோப்பை மூடிவிடுவோம். கோப்பு மட்டும் சீராக மூடப்படும்.

மூடுவது என்பது என்ன வேலை என்று எங்கள் பக்கத்துப் பெரியவர் ஒருவரிடம் கேட்டேன். நாற்பது வருஷம் மண்வேலை பார்த்தவர். 'தோண்டுறது என்னா பெரிய வேலை தம்பி, மூடுறதுதான் வேல. அரையடி மண்ணு போடணும், தண்ணி ஊத்தணும், திமிசு வெச்சு இடிக்கணும். அது கெட்டியானப்புறம் இன்னொரு அரையடி. இப்ப மொத்தத்தையும் ஒரே தள்ளா தள்ளிட்டு, ஜேசிபிய மேல ஏத்தி எறக்கிட்டுப் பூடுறானுங்க. மேல பாத்தா கெட்டியாத்தான் இருக்கும். உள்ள பொல்லு.' பொறியியல் புத்தகங்களும் அரையடி, அதாவது 15 முதல் 20 சென்டிமீட்டர் என்றுதான் சொல்கின்றன. வெட்டின ஓரங்களை நேராக அறுக்கவேண்டும். பள்ளத்தின் பக்கவாட்டு மண்ணும் இளகியிருக்கும் என்பதால் மேலே தார் போடும்போது பள்ளத்தைவிட அகலமாகப் போடவேண்டும். பழைய தாரும் புதுத் தாரும் சேர்கிற இடுக்கை அடைக்கவேண்டும். அடைக்காவிட்டால் அந்த இடுக்கு வழியாகத் தண்ணீர் இறங்கும். தாருக்கும் ஜல்லிக்கும் உள்ள பிடிப்பைத் தேங்கிய நீர் மெதுவாகக் கழற்றிவிடும். பிறகு ஒரு லாரி போதும். ஆகவே வெட்டு என்பது வெட்டின இடத்தோடு முடிவதில்லை; சுற்றியுள்ள ரோட்டின் ஆயுளையும் சேர்த்துத் தின்றுவிடுகிறது. பெரியவருக்கு இது அத்தனையும் தெரியும். அவரைக் கேட்டு எந்த மதிப்பீடும் தயாரானதில்லை. அவர் கைக்குக் கூலி உண்டு, அவர் அறிவுக்கு அந்தப் பட்டியலில் இடம் கிடையாது.

இனி நம் குடியிருப்புகளுக்கு வருவோம். நான் வளர்ந்த இடத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை. எந்த உள்ளாட்சி என்பதும் வேண்டாம். அந்தக் காண்டிராக்டர் இன்னும் அங்கேதான் புழங்குகிறார், என் அம்மாவும் அங்கேதான் இருக்கிறாள். எங்கள் தெருவுக்கு முதலில் சிமெண்டு ரோடு வந்தது. தேர்தலுக்கு முந்தின வருஷம். கல்வெட்டு, மாலை, போட்டோ. குழாய் எங்கே என்று கேட்டதற்கு அது வேறு துறை என்றார்கள். மூன்று வருஷம் கழித்துத் தண்ணீர்க் குழாய்க்காக அந்த சிமெண்டை நடுவில் பிளந்தார்கள். பிளந்த இடத்தில் மண்ணைத் தள்ளினார்கள். பிறகு அதன்மேல் பேவர் பிளாக் பதித்தார்கள். பிறகு சாக்கடைக்காக பேவர் பிளாக்கைப் பெயர்த்தார்கள். பெயர்த்த கற்களில் பாதி என்ன ஆயிற்று என்று யாருக்கும் தெரியாது. ஒவ்வொரு தரமும் புதிதாகப் போடும்போது பழையதைச் சுரண்டி எடுக்காமல் மேலேயே போட்டார்கள். அம்மா வீட்டுக்குள் முன்பெல்லாம் இரண்டு படி ஏறிப் போவோம். இப்போது ஒரு படி இறங்கிப் போகிறோம். மழை வந்தால் தெரு எங்கள் வீட்டுக்குள் வந்து படுத்துக்கொள்கிறது.

இது எங்கள் தெருக் கதை மட்டும் இல்லை என்பதற்கு அரசாங்கத்தின் வாக்குமூலமே இருக்கிறது. 2021 மே மாதம் தலைமைச் செயலாளராக இருந்த இறையன்பு, பழைய ரோட்டைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புது ரோடு போடவேண்டும், வீடுகள் பள்ளத்துக்குள் போகக்கூடாது என்று ஆணை பிறப்பித்தார். நல்ல ஆணை. அது பிரதான சாலைகளில் கண்ணுக்குத் தெரிகிறது. சுரண்டுகிற மெஷின் ராத்திரியில் உறுமுவதைக் கேட்டிருப்பீர்கள். அந்த மெஷின் நுழைய முடியாத சந்துகளில் யார் வாழ்கிறார்கள் என்பதைத் தனியாகச் சொல்லவேண்டுமா?

இப்போது ஆதிதிராவிடர், பழங்குடியினர் குடியிருப்புகளின் அடிப்படை வசதிகளுக்காக அயோத்திதாசப் பண்டிதர் பெயரில் ஒரு திட்டம் இருக்கிறது. 2023இல் அறிவித்தார்கள், ஐந்து ஆண்டில் 1000 கோடி ரூபாய். பண்டிதர் பெயரை வைத்ததில் எனக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் பெயர்ப்பலகையைப் பார்த்துக் கைதட்டிவிட்டு வருகிற தோழர்கள், கல் பதிப்பதற்கு முன்னால் அடியில் குழாய் போட்டாயிற்றா என்று குனிந்து பார்க்கவேண்டும். போடாமல் பதித்த கல் நமக்குச் செய்த வசதி அல்ல, அடுத்த டெண்டருக்கு வைத்த முதலீடு. நம் பெயரைச் சொல்லி ஒதுக்கின பணம் நம் தெருவில் மூன்று தரம் கொட்டப்பட்டு மூன்று தரமும் காண்டிராக்டர் வீட்டுக்குத் திரும்பிப் போகிறது. கணக்கில் மட்டும் தலித் முன்னேற்றத்துக்கு மூன்று மடங்கு செலவு செய்ததாக இருக்கும்.

இதிலே இன்னொரு சூட்சுமம் உண்டு, இதைத்தான் மாணவத் தோழர்கள் முக்கியமாக யோசிக்கவேண்டும் என்று நினைக்கிறேன். ரோட்டைக் காப்பாற்றுவது என்று எல்லாரும் சேர்ந்து பேசுகிறார்களே, அந்தக் காப்பாற்றுதல் எல்லாருக்கும் ஒரே மாதிரியானது இல்லை. புதிதாகப் போட்ட ரோட்டைக் குறிப்பிட்ட காலம் வெட்டவே கூடாது என்பது பல நாடுகளில் உள்ள முறை. அமெரிக்காவில் சான் பிரான்சிஸ்கோவில் ஐந்து ஆண்டு. இங்கேயும் அப்படி வேண்டும் என்று பத்திரிகைகளில் எழுதுகிறார்கள், கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் ரோடு போட்ட அன்றைக்கே வீட்டுக்குள் தண்ணீர், சாக்கடை, மின்சாரம் எல்லாம் வந்துவிட்டவனுக்குத்தான் அது பாதுகாப்பு. அவனுடைய குழாய் தாருக்கு அடியில் பத்திரமாக இருக்கிறது. இன்னும் இணைப்பே வராதவனுக்கு அதே விதி ஒரு பூட்டு. 'புது ரோடு, இப்ப வெட்ட முடியாது, அஞ்சு வருஷம் கழிச்சு வா.' இருக்கிறவனுடைய உடைமையை இல்லாதவனிடமிருந்து காப்பாற்றுகிற காரியத்துக்கு இந்த நாட்டில் எப்போதும் பொதுநலன் என்றுதான் பெயர். மேல்பரப்பு கறைபடாமல் இருக்கவேண்டும், அடியில் யார் என்ன பாடுபட்டாலும் சரி என்கிற மனசு நமக்குப் புதிதில்லை; அக்ரகாரத்து வாசலில் கோலம் போட்டு வைத்திருந்த அதே மனசு.

அப்படியானால் ரோட்டை யாரும் எப்போதும் வெட்டிக்கொள்ளட்டும் என்கிறேனா? இல்லை. வெட்டுப்பட்ட ரோட்டில் முதலில் விழுகிறவர்கள் நாம்தான். வரிசையை மாற்று என்கிறேன். முதலில் குழாய், ஒவ்வொரு வீட்டுக்கும். பிறகு ரோடு. அதற்குப் பிறகு தடை. இது நடக்காத காரியம் ஒன்றுமில்லை. அதே இங்கிலாந்துச் சட்டத்தில் பெரிய அளவில் ரோடு போடுவதற்கு மூன்று மாதம் முன்னால் எல்லாத் துறைக்கும் நோட்டீஸ் போகிறது: உன் வேலை ஏதாவது இருந்தால் இப்போதே முடித்துக்கொள். அதற்குப் பிறகு தடை வருகிறது. அந்தத் தடையிலும், புதிதாக இணைப்பு கேட்கிற வீட்டுக்காரருக்கு விலக்கு இருக்கிறது. விலக்கைக் கவனியுங்கள். நம்மூரில் அவசர வேலை என்று எதைச் சொல்கிறார்கள்? குழாய் உடைந்தால் அவசரம், கேபிள் அறுந்தால் அவசரம். குழாயே இல்லாமல் தலைமுறையாகக் குடத்தோடு நிற்பது அவசரத்தில் சேராது.

தோண்டுகிறவர்களைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பேச்சை முடிக்க முடியாது. 2022 ஜூன் மாதம் மதுரை விளாங்குடியில் பாதாளச் சாக்கடைக் குழாய்க்காகத் தோண்டிய பள்ளத்தில் மண் சரிந்து ஈரோட்டுத் தொழிலாளி ஒருவர் உள்ளேயே செத்தார். ஒன்றரை மீட்டருக்குமேல் ஆழமான பள்ளத்தில் ஆள் இறங்கினால் இரண்டு பக்கமும் பலகை வைத்து முட்டுக் கொடுக்கவேண்டும் என்பது கட்டிடத் தொழிலாளர் பாதுகாப்பு விதிகளில் 1998லேயே எழுதப்பட்டுவிட்டது. நீங்கள் ராத்திரி பதினொரு மணிக்கு வீடு திரும்பும்போது பாருங்கள். நெஞ்சளவு பள்ளத்தில் ஆட்கள் நிற்கிறார்கள், ஓரத்தில் தோண்டின மண்ணே குவிந்திருக்கிறது, அதன்மேல் ஜேசிபி நிற்கிறது. பலகை? ரோட்டை மறைப்பதற்குத் தகரத் தடுப்பு இருக்கிறது, மண்ணைத் தடுக்க ஒன்றும் இல்லை. தடுப்பில் காண்டிராக்டரின் கம்பெனிப் பெயர் பெரிதாக எழுதியிருக்கும். ஒரு காலத்தில் திருவண்ணாமலைப் பக்கமிருந்தும் விழுப்புரத்துப் பக்கமிருந்தும் வந்தவர்கள். இப்போது ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வருகிறார்கள். அவர்களிடம் அரை இந்தியில் பேசிப் பார்த்தேன். ஊரைச் சொன்னார்கள், ஜாதியைச் சொல்லத் தயங்கினார்கள். தயங்கியதே பதில்.

பிறகு, மூடாமல் விட்டதும் மேலோட்டமாக மூடினதும் கொலை செய்கிறது. 2019 செப்டம்பரில் சென்னை முகலிவாக்கத்தில் பதினான்கு வயதுப் பையன் தெருவில் கிடந்த மின்கம்பியை மிதித்துச் செத்தான். 2025 ஆகஸ்ட் 23 அதிகாலை, கண்ணகி நகரில் தூய்மைப் பணியாளர் பெண் ஒருவர் தேங்கிய மழைத்தண்ணீரில் காலை வைத்தார். அடியில் போன கேபிளிலிருந்து கசிந்த மின்சாரம் அவரைக் கொன்றது. கண்ணகி நகர் என்றால் என்ன என்று நம் வாசகர்களுக்கு விளக்கவேண்டியதில்லை. நகரத்து நடுவிலிருந்து பெயர்த்தெடுத்த குடிசைகளைக் கொண்டுபோய்க் கொட்டிய இடம். அதற்குப் பத்து நாள் முன்னால்தான், ஆகஸ்ட் 13 நள்ளிரவில், தனியார்மயத்தை எதிர்த்து ரிப்பன் கட்டிடத்துக்கு வெளியே உட்கார்ந்திருந்த தூய்மைப் பணியாளர்களைப் போலீஸ் அள்ளிக்கொண்டு போயிருந்தது. நகரத்தின் தெருவைக் கூட்டுகிறவளுக்கு அவள் குடியிருக்கிற தெரு பாதுகாப்பில்லை.

தெருவின் தோலுக்கு மட்டும்தான் விலை என்று தலைப்பில் எழுதிவிட்டேன். துல்லியமாகச் சொன்னால் நமக்கும் ஒரு விலை நிர்ணயம் உண்டு. சாக்கடைக்குள் இறங்கிச் செத்தால் 10 லட்சம் என்று உச்ச நீதிமன்றம் 2014 மார்ச்சில் சொன்னது. 2023 அக்டோபரில் 30 லட்சமாக உயர்த்தியது. அந்தத் தொகையை வாங்கிக் கொடுக்கப் போராடிய தோழர்களுக்கு வணக்கம். ஆனால் வித்தியாசத்தைப் பாருங்கள். ரோட்டின் தோலுக்கான பணத்தை வெட்டுவதற்கு முன்னால் கட்டவேண்டும், இல்லாவிட்டால் அனுமதி கிடையாது. நம் உயிருக்கான பணத்தைச் செத்த பிறகு கேட்டு, மனுப் போட்டு, நீதிமன்றத்துக்கு நடந்து வாங்கவேண்டும். பள்ளத்தில் இறங்குகிற ஒவ்வொரு ஆளின் பெயரையும் எழுதி, அவனுக்கான காப்பீட்டையும் முட்டுப் பலகைச் செலவையும் சாலை வெட்டுக் கட்டணத்தோடு சேர்த்து முன்கூட்டியே கட்டினால்தான் அனுமதி என்று ஒரு வரி சேர்த்தால் என்ன? ஒரு கிளார்க்காகச் சொல்கிறேன், செல்லானில் இன்னொரு கட்டம் போடுவது பெரிய வேலையே இல்லை.

இதை யாரிடம் கேட்பது? மேயர் நாற்காலியில் நம்மவர்கள் உட்கார்வது புதிதல்ல. 1937இல் சிவசண்முகம் பிள்ளை, 1945இல் சிவராஜ், 2022 மார்ச்சில் முதல் தலித் பெண் மேயராக பிரியா. ஆனால் ரோடு வெட்டுக் கோப்பு மேயர் மேசைக்குப் போவதைவிடப் பொறியாளர் மேசைக்குத்தான் அதிகம் போகிறது. 2022இல் வார்டு கமிட்டி, பகுதி சபை விதிகளைக் கொண்டுவந்தார்கள். வார்டுக்குள் பகுதி பகுதியாகச் சபை கூட்டி ஜனங்கள் பேசலாம். இதுவரை நான் போன இரண்டு சபைகளிலும் முன்வரிசை நாற்காலிகளில் சங்கத்து ஆளுங்கதான் இருந்தார்கள். தெருவிளக்கு, நாய்த் தொல்லை, கார் நிறுத்த இடம். பின்னால் நின்றிருந்த நம் பெண்களிடம் யாரும் மைக்கைக் கொடுக்கவில்லை. மைக்கைப் பிடுங்கவேண்டும் தோழர்களே. பிடுங்கினால் பேசுவதற்குக் கையில் கணக்கு வேண்டும்.

அதற்காக ஒரு வேலை தருகிறேன். மாணவத் தோழர்கள் ஒரு டேப்பும் நோட்டுப் புத்தகமும் எடுத்துக்கொண்டு உங்கள் குடியிருப்பில் வெட்டிப்போட்ட ஒவ்வொரு பள்ளத்தையும் அளந்து எழுதுங்கள். நீளம், அகலம், எந்தத் தேதியில் வெட்டினார்கள், எந்தத் துறை, எப்போது மூடினார்கள், மேலே என்ன போட்டார்கள், மூடின பிறகு எத்தனை அங்குலம் உள்வாங்கியிருக்கிறது. வாசற்படிக்கும் ரோட்டுக்கும் எவ்வளவு உயர வித்தியாசம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எந்தெந்த வீட்டுக்கு இன்னும் குழாய் இல்லை என்பதைத் தனிப் பக்கத்தில் எழுதுங்கள். பிறகு 2005ஆம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டத்தில், அந்தப் பள்ளத்துக்கு எவ்வளவு கட்டணம் வசூலானது, எந்தத் தேதியில், மூடுவதற்கு எவ்வளவு செலவானது, காண்டிராக்டர் யார் என்று கேளுங்கள். பத்து ரூபாய்தான் ஆகும். சேரியை அளந்தது போலவே பக்கத்து ஊர்த் தெருவையும், அல்லது பக்கத்துச் சங்கத்து காலனியையும் அளக்க மறக்காதீர்கள். இரண்டையும் ஒரே தாளில் பக்கத்தில் பக்கத்தில் எழுதி அனுப்புங்கள். பத்துத் தெருவின் கணக்கு வந்து சேர்ந்தால் அடுத்த இதழில் கவிதைகளைக் குறைத்துக்கொண்டு (என்னுடையதை முதலில் எடுத்துவிடலாம்) அந்தப் பட்டியலை அச்சிடுவோம்.